அடுத்த சொகுசு ஊரைக் கூட்டம் சேரும் முன் பிடிப்பது எப்படி?

“இன்னும் யாரும் போகாத இடமா சொல்லுங்க, ஆனா ஹோட்டல் மட்டும் நல்லா இருக்கணும்.” பயணத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இரண்டு ஆசையும் ஒன்றோடொன்று முட்டும். யாருமே போகாத ஊரில் யார் கொண்டுபோய் நல்ல ஹோட்டல் கட்டுவார்கள்? கட்டிவிட்டால் அப்புறம் ஆள் வராமல் இருக்குமா? நடுவில் சில வருடங்கள் கிடைக்கும். முதல் நல்ல விடுதி திறந்தாகிவிட்டது, பெரிய விமானம் இன்னும் இறங்கவில்லை என்கிற இடைப்பட்ட காலம் அது. அதற்குள் போய் வந்துவிட வேண்டும். ஒரு ஊர் அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருக்கிறதா, கடைசியில் இருக்கிறதா என்று கணிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

‘இந்த ஆண்டு கட்டாயம் போக வேண்டிய இடங்கள்’ வகைப் பட்டியல்கள் இதற்கு அவ்வளவாக உதவாது. பட்டியலில் ஏறும்போதே பாதிக் காலம் ஓடியிருக்கும். நான் பார்ப்பது வேறு சமாச்சாரங்கள்.

முதலில் ஓடுபாதை, அப்புறம் ஹோட்டல்

விடுதியின் படங்களை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று படியுங்கள். க்ரீன்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகர் நூக்கின் பழைய ஓடுபாதை ஆயிரம் மீட்டருக்கும் குறைவு. பெரிய ஜெட் விமானம் இறங்க வழியில்லாமல் இருந்தது. காங்கர்லுசுவாக் என்ற பழைய அமெரிக்க விமானத் தளத்தில் இறங்கி, சின்ன விமானம் மாறித்தான் போக வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தது. கோபன்ஹேகனிலிருந்து பெரிய விமானங்கள் நேராக நூக்கிலேயே இறங்கத் தொடங்கின. 2025 கோடையில் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்கிலிருந்தும் நேரடிச் சேவை தொடங்கியது. ஓடுபாதை வந்துவிட்டது, உயர்தர அறைகளோ இன்னும் கொஞ்சம்தான். இப்படிப்பட்ட ஊரில் நல்ல அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மூடுபனியும் காற்றும் விமானத்தை நிறுத்தி வைப்பதும் அங்கே சகஜம். திரும்பும் வழியில் ஒரு நாளாவது சும்மா விட்டுவைக்காமல் க்ரீன்லாந்துக்கு நான் யாருக்கும் டிக்கெட் போட மாட்டேன்.

அல்பேனியாவில் இதே கதை சாலை வடிவில் நடக்கிறது. வ்லோரா நகரின் பக்கமிருந்து தெற்கே அயோனியன் கடற்கரைக்குப் போக லோகரா கணவாயில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருந்தது. அந்த மலைதான் அந்தக் கடற்கரையை இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருந்தது என்பது என் எண்ணம். 2024இல் மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறந்துவிட்டார்கள். வ்லோராவில் புது விமான நிலையமும் எழும்பியாயிற்று. இதற்கு மேல் ஒருவர் அல்பேனியாவை ‘யாருக்கும் தெரியாத கடற்கரை’ என்று சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் க்ஸமில் கடற்கரைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. ஜூன் முதல் பாதியிலோ செப்டம்பர் கடைசியிலோ, ஹிமாராவை ஒட்டிய சின்ன விடுதிகளில் என்றால் இன்னும் சரி சொல்வேன்.

பக்கத்து மாண்டினீக்ரோ அதற்கும் சில வருடங்கள் முன்னால் போய்விட்டது. திவாட்டில் யூகோஸ்லாவியக் கடற்படையின் பழைய கப்பல் பட்டறை இருந்த இடம் இன்று படகுத்துறையும் பங்களாக்களுமாக போர்ட்டோ மாண்டினீக்ரோ ஆகிவிட்டது; 2021இல் ஒன் அண்ட் ஒன்லி தன் முதல் ஐரோப்பிய விடுதியை அதே வளைகுடாவில்தான் திறந்தது. நல்ல இடம்தான். ஆனால் உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில் கோட்டோரின் பழைய நகரத்துச் சந்துகளில் நடந்து பார்த்தவர்கள் அதைப் ‘புதிய ஊர்’ என்று சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்வெட்டி ஸ்டெஃபான் தீவில் இருந்த பேர்போன அமான் விடுதி, கடற்கரையை யார் பயன்படுத்தலாம் என்ற தகராறில் 2021இலிருந்து பல பருவங்கள் மூடியே கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாகக் குளித்த கரையை வேலி போட்டு விற்கும் ஊர்களில் இப்படி ஒரு பிரச்சினை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். முன்பதிவுக்கு முன் அந்த ஊரின் பெயரோடு ‘போராட்டம்’, ‘தண்ணீர்’, ‘கடற்கரை உரிமை’ என்ற சொற்களைச் சேர்த்து, முடிந்தால் அந்த ஊர் மொழியிலேயே, செய்தி தேடிப் பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

கூட்டத்தை யார் தடுக்கிறார்கள்?

ஒரு ஊர் எவ்வளவு நாள் அமைதியாக இருக்கும் என்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. கட்டணத்தையே வேலியாகப் போட்ட நாடுகள் சில உண்டு. பூட்டான் 2022 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு இரவுக்கு 200 டாலர் வளர்ச்சிக் கட்டணம் வைத்தது. ஆள் வரத்து குறையவே அடுத்த ஆண்டு 100 ஆக இறக்கியது. இது ஹோட்டல் வாடகை சேராமல். இந்தியக் குடிமக்களுக்குத் தனி விகிதம், மிகவும் குறைவு. பாரோ விமான நிலையத்தில் மலைகளுக்கு நடுவே கண்ணால் பார்த்துத்தான் தரையிறக்க வேண்டும், அதனால் பகலில் மட்டும் சேவை. இந்த இரண்டும் சேர்ந்து கூட்டத்தை மட்டுப்படுத்துகின்றன.

பூட்டானைப் பற்றி எனக்கு ஒரு கறாரான அபிப்பிராயம் உண்டு. சொகுசு விடுதி நிறுவனங்களான அமான்கோராவும் சிக்ஸ் சென்ஸஸும் ஆளுக்கு ஐந்து பள்ளத்தாக்குகளில் விடுதி வைத்திருக்கின்றன. ஐந்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பார்கள். வரைபடத்தில் கையகலத் தூரமாகத் தெரிவது மலைச்சாலையில் அரை நாளை விழுங்கிவிடும். பாரோ, புனாகா, மனசிருந்தால் காங்டே. அதற்கு மேல் போனால் பார்த்தது கார் ஜன்னலைத்தான் என்றாகும்.

ருவாண்டா 2017இல் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கும் அனுமதிச் சீட்டை 750 டாலரிலிருந்து ஒரே அடியாக 1,500 ஆக்கியது. எல்லை தாண்டி உகாண்டாவில் அதே மலைக் கொரில்லா, அதே ஒரு மணி நேரம், அதே எட்டுப் பேர் குழு. 2024 நடுவில் ஏற்றிய பிறகும் 800 டாலர்தான். அப்படியென்றால் ருவாண்டாவுக்குப் போகிறவர்கள் ஏமாளிகளா? இல்லை. கிகாலி விமான நிலையத்திலிருந்து எரிமலைத் தேசியப் பூங்காவுக்கு நல்ல சாலையில் இரண்டரை மணி நேரம், முன்னே பின்னே. உகாண்டாவின் பிவிண்டிக்கு எண்டெபியிலிருந்து சாலை வழி போனால் ஒரு முழு நாள் போய்விடும். இல்லையென்றால் சின்ன விமானம் பிடிக்க வேண்டும். சீட்டில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி அந்த விமானத்துக்குப் போய்விடும். மூன்று நான்கு நாள்தான் விடுப்பு என்பவர்களை நான் ருவாண்டாவுக்கும், பத்து நாள் கையில் இருப்பவர்களை உகாண்டாவுக்கும் அனுப்புவேன். சீட்டு விலையை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தவற விடுவார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் இரண்டு நாட்டிலும் அனுமதி கிடையாது.

ஒரே கையில் இருக்கும் ஊர்கள் தனி வகை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிப்பே தீவில் சொகுசு விடுதிகள் என்று இருப்பவை பெரும்பாலும் தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த்தின் நிறுவனம் நடத்துபவை. 2012இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த தீவு. போட்டிக்கு இன்னொரு கம்பெனி வந்து கான்கிரீட் கொட்டவில்லை என்பது லாபம். அந்த ஒருவரின் மனசோ வரவு செலவோ மாறினால் தீவின் சுற்றுலாவே மாறும் என்பது இதன் மறுபக்கம். இப்படிப்பட்ட இடத்துக்கு அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட வேண்டாம்.

சவூதி அரேபியா இதற்கு நேர் எதிர். அங்கே அரசாங்கமே கூட்டத்தைக் கூப்பிடுகிறது. சுற்றுலாவுக்கான மின்விசா 2019 செப்டம்பரில்தான் வந்தது. 2023இலிருந்து செங்கடலோரத் திட்டத்தில் சொந்த விமான நிலையத்தோடு விடுதிகள் வரிசையாகத் திறக்கின்றன. நான் கடற்கரையைவிட உள்நாட்டிலுள்ள பாலைவனச் சோலை ஊரான அல்-உலாவைத்தான் முன்னால் வைப்பேன். பக்கத்திலுள்ள ஹெக்ராவில் நபாத்தியர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் பாறையில் குடைந்த பெரிய கல்லறைகள் 111 இருக்கின்றன. 2008இலேயே அந்நாட்டின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. விடுதி எப்படியிருந்தாலும் பார்க்க ஒன்று இருக்கிறது. வெறும் மணலில் புதிதாக எழுப்பிய ஊரில் விடுதி சொதப்பினால் போக்கிடம் இல்லை. சவூதிக்குக் கேட்பவர்களிடம் மது கிடைக்காது, கோடையில் வெளியே நிற்க முடியாது என்ற இரண்டையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். அதன் பிறகும் கண் மின்னினால் சரி.

வானத்திலிருந்து ஒரு பார்வை

விடுதி பிடித்துப் போனதும் உடனே பணம் கட்டாதீர்கள். கூகுள் எர்த்தைத் திறந்து விடுதியைத் தேடி, சுற்றி மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பழைய ஆண்டுகளின் படங்களும் அதில் உண்டு. எதைத் தேடுவது? பக்கத்தில் பச்சை போய் மஞ்சளாகச் சுரண்டிய செவ்வகம் இருந்தால் அடுத்த கட்டடம் வருகிறது. வீடே இல்லாத நேர்கோட்டுச் சாலைகள் தெரிந்தால் மனை பிரித்துவிட்டார்கள் என்று பொருள். வரிசையாகத் தகரக் கூரைகள் என்றால் கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பாக இருக்கலாம். வேலை இன்னும் சில வருடம் ஓடும். நீலக் கடலில் ஒரு மூலையிலிருந்து பழுப்பு நிறம் புகைபோலப் பரவியிருந்தால் கடலடி மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கலாம், அந்தப் பக்கம் பவளப்பாறை பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம். தேதியையும் பாருங்கள்; இரண்டு வருடம் பழைய படமாக இருந்தால் அதை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது.

விடுதியின் பெயரிலேயே விற்பனைக்கு வில்லாக்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரிய பிராண்டின் பெயர் பலகையில் இருக்கும்; நிலமும் கட்டடமும் வேறொருவருடையதாக இருக்கும்; வில்லாக்களை விற்ற காசில்தான் ஹோட்டலே எழும்பும். இதில் தப்பில்லை. ஆனால் எல்லா வில்லாவும் விற்று முடியும்வரை துளைக்கும் இயந்திரம் நிற்காது.

அப்புறம் தொலைபேசி. புது விடுதி எதுவானாலும் ரிசர்வேஷன் ஆளிடம் நேரில் பேசுவேன். அறை எப்படி இருக்கிறது என்று கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நான் கேட்பது வேறு. “இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஜன்னலைத் திறந்தால் என்ன சத்தம் கேட்கும்?” ஒருமுறை ஒரு பெண் சற்று யோசித்துவிட்டு, “காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை லாரி சத்தம் கேட்கும் மேடம், வடக்கு ஓரத்து அறைகளில் கேட்காது” என்றாள். வடக்கு ஓரத்து அறையையே பதிவு செய்தேன். அப்படி ஒருத்தி வேலை செய்யும் இடத்தை நம்பலாம். “எங்கள் விடுதி முழு அமைதியில் அமைந்துள்ளது” என்று விளம்பரத்தையே படித்துக் காட்டுகிறவர்களிடம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: எல்லா உணவகங்களும் திறந்துவிட்டனவா, நீச்சல் குளம் நிறைந்திருக்கிறதா, பொது மேலாளர் வந்து எத்தனை மாதம் ஆயிற்று, மின்சாரம் போனால் எத்தனை நொடியில் ஜெனரேட்டர் எடுக்கும். எரிச்சல் படாமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி.

திறந்த முதல் சில மாதங்களை நான் பெரும்பாலும் தவிர்ப்பேன். அறிமுக விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் குழாயில் வெந்நீர் வரத் தாமதமாகும், ஊழியர்களுக்கு விருந்தினர் முகமும் பெயரும் பிடிபட்டிருக்காது. முதல் மழைக்காலத்தைத் தாண்டிய விடுதி என்றால் கூரை ஒழுகுவதெல்லாம் சரிசெய்திருப்பார்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள். எழுதியவர் கோபத்திலும் இல்லை, மயக்கத்திலும் இல்லை. ஷவரின் வேகம் முதல் சிப்பந்தி வரும் நேரம் வரை கணக்காகச் சொல்லியிருப்பார்.

பருவத்தைப் பற்றிக் கொஞ்சம்

சராசரி வெப்பநிலை மட்டும் போதாது. எந்த மாதம் எத்தனை மழை நாள், காற்று எந்தப் பக்கம், கடல் குளிக்கும்படி இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஓமனின் சலாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கரீஃப் பருவம். பாலைவனத்தின் ஓரத்திலுள்ள மலை தூறலிலும் மூடுபனியிலும் பச்சையாகிவிடும். வளைகுடா முழுவதிலிருந்தும் குடும்பங்கள் அங்கே வந்து குவிவது இதற்காகத்தான். அதே மாதங்களில் கடல் கொந்தளிக்கும். நீந்தப் போகிறவர் நவம்பருக்குப் பிறகு போக வேண்டும். ஒரே ஊர், பருவத்துக்கு ஒரு ஊர் மாதிரி.

ஓமனிலேயே வடக்கே ஜபல் அக்தர் எனக்குப் பிடித்த உதாரணம். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் 2014இல் அலிலா விடுதியும் 2016இல் அனந்தாரா விடுதியும் வந்தன. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை மட்டும்தான் மேலே விடுவார்கள். கீழே அனல் அடிக்கும்போது மேலே காற்று குளுமையாக இருக்கும். குளிர்கால இரவுகளுக்குக் கம்பளி வேண்டும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்பு நிலம் இன்னும் வேடிக்கை. அங்கே மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. வெள்ளமோ ஜூன், ஜூலை, ஆகஸ்டில், வானில் ஒரு மேகம் இல்லாத வறண்ட காலத்தில் உச்சத்துக்கு வரும். அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து வந்து சேர்கிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் தண்ணீர்; விலங்குகள் அதைத் தேடி வரும். அதனால் விலையும் அப்போதுதான் உச்சம். பறவை பார்க்கவும் குட்டிகளைப் பார்க்கவும் ஆசை, மழை வந்தால் பரவாயில்லை என்பவர்கள் மழை பெய்யும் பச்சைப் பருவத்தில் போனால் அதே முகாம் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கும். எந்தப் பருவமானாலும் சின்ன விமானத்தில் ஏற, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது. மென்மையான பை, பெரும்பாலும் 20 கிலோ, கேமரா உட்பட.

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி

அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். மாலத்தீவு புதிய ஊர் அல்ல. ஆனால் இந்தக் கணக்கைப் படிக்க நல்ல இடம். ஒரு இரவுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 1,100. 2025 ஜூலையிலிருந்து 17 விழுக்காடான சுற்றுலா வரி அந்த 1,100இன் மேல் விழும்; 1,287 ஆகும். ஆளுக்கு இவ்வளவு என்று பசுமை வரி வேறு. கடல் விமானத்துக்குத் தனியாக ஒரு தொகை. அந்த விமானம் இருட்டில் பறக்காது என்பதால், மாலையில் வந்து இறங்குகிறவர் மாலேயிலோ பக்கத்திலோ ஒரு இரவு தங்க வேண்டும். பணம் கட்டியும் தீவுக்குப் போக முடியாத இரவு அது. எந்தப் புது ஊரானாலும் ‘விமான நிலைய வாசலிலிருந்து திரும்ப விமான நிலைய வாசல் வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம், அதாவது ஹெலிகாப்டரோ விமானமோ வைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு, அடங்கியிருக்கிறதா பாருங்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். கிளம்பும் வாரத்தில் நினைவுக்கு வந்தால் பயன் இல்லை.

கடைசியாக, யாருக்கான ஊர்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் முதலில் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. “உங்களுக்குச் சொகுசு என்றால் என்ன?” என்றால் எல்லோரும் அமைதி, இயற்கை, தனிமை என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். அதனால் போன விடுமுறையில் எதற்குக் கோபம் வந்தது என்று கேட்பேன். காலை உணவுக்கு வரிசையில் நின்றது, வைஃபை வராதது, இரவு எட்டு மணிக்கு மேல் போக இடமில்லாதது, பக்கத்து அறைக் குழந்தைகள். அதில் உண்மை வெளிவரும். எட்டு மணிக்கு மேல் சலிப்புத் தட்டுகிறவரைப் பிரின்சிப்பேக்கு அனுப்பக் கூடாது. வைஃபை இல்லாமல் தவிக்கிறவருக்கு க்ரீன்லாந்தின் ஓரத்து விடுதி வேண்டாம். வரிசையைக் கண்டு எரிகிறவருக்கு எட்டு பத்து அறைக்கு மேல் இல்லாத விடுதியாகப் பார்ப்பேன், பிராண்ட் பெயர் இல்லாவிட்டாலும்.

இரண்டு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அப்போது பயணத்தை இரண்டாக வெட்டி, முதல் பாதியைச் சிரமமான இடத்திலும் பின் பாதியைச் சுகமான இடத்திலும் வையுங்கள். கொரில்லாவுக்காக மலையேறிய களைப்பு கடற்கரையில் போகும். கடற்கரையில் சோம்பிய உடம்பு மலையேறாது.

முடிவு செய்தாகிவிட்டதா? ரத்து செய்தால் முன்பணத்தைத் திருப்பித் தரும் கடைசித் தேதி எதுவென்று பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். புது விடுதிகளின் திறப்பு விழா தள்ளிப்போவது வழக்கம். ‘திறக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்ப’ என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அந்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் விடுதிக்கு மறுபடி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, போன முறை கேட்ட அதே கேள்விகளைக் கேளுங்கள். பதில்கள் மாறியிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்க இன்னும் ஏழு நாள் இருக்கும்.